முதல் குண்டைச் சுட்டது யார்? தெரியுமா?

1775-ஆம் ஆண்டு ஏப்ரல் 19. விடிந்தும் விடியாத நேரம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் லெக்சிங்டன் என்றொரு சிற்றூர். ஊர் நடுவே முக்கோண வடிவில் ஒரு பொதுப் புல்வெளி. அதில் 77 பேர் துப்பாக்கியும் கையுமாக நிற்கிறார்கள். பெரும்பாலும் விவசாயிகள். அப்பனும் மகனும், மாமனும் மச்சானுமாக ஒருவருக்கொருவர் உறவுக்காரர்கள். எதிரே சிவப்புக் கோட்டு மாட்டிய பிரிட்டிஷ் பட்டாளம். திடீரென்று ஒரு வேட்டுச் சத்தம்! அதைத் தொடர்ந்து சரமாரியாகத் துப்பாக்கிச் சூடு. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. ஊர்க்காரர்களில் எட்டுப் பேர் பிணம், பத்துப் பேருக்குக் காயம். பிரிட்டிஷ் தரப்பில் ஒரே ஒரு சிப்பாய்க்குக் காயம். ஆங், மறந்துவிட்டேனே... பிரிட்டிஷ் மேஜர் ஏறி வந்த குதிரைக்கும் இரண்டு கீறல்!

இவ்வளவுதான் சண்டை. நம்மூர் வாய்க்கால் தகராறில்கூட இதைவிட அதிகம் பேர் கூடிவிடுவார்கள். ஆனால் இந்தச் சிறு மோதலில் பற்றிய நெருப்பு எட்டு வருஷம் எரிந்து, அமெரிக்கா என்ற புது நாட்டையே உண்டாக்கியது. சரி, அந்த முதல் குண்டைச் சுட்டது யார்? 250 ஆண்டுகளாக ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். இன்றுவரை விடை கிடையாது!

அதெப்படி, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாமல் போகும் என்கிறீர்களா? அந்தக் காலத்துத் துப்பாக்கியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாயின் கையில் இருந்தது 'பிரவுன் பெஸ்'. எடை நாலரைக் கிலோ இருக்கும். குழலின் வாய் முக்கால் அங்குல அகலம். காகிதத்தில் சுருட்டிய மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அதில் ஒரு சிட்டிகையைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் கொட்டி மூட வேண்டும். மிச்ச மருந்தையும் ஈயக்குண்டையும் குழலின் வாய்வழியே போட்டுக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும், பொறி பறக்கும், கிண்ணத்து மருந்து பற்றும், அந்த நெருப்பு ஒரு துளை வழியாக உள்ளே போகும்... அப்புறம்தான் குண்டு வெளியே வரும்! நன்றாகப் பழகியவரே நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடியும். விசை தேய்ந்து போயிருந்தாலோ, பதற்றத்தில் கை பட்டாலோ தானாகவே வெடிப்பதும் உண்டு. வெடித்தவுடன் வெண்புகை மண்டிப் பக்கத்து ஆள்கூடத் தெரிய மாட்டான்.

இதையெல்லாம்விட, சிப்பாய்கள் இரவெல்லாம் தூங்கவில்லை என்பது தெரியுமா? முந்தின இரவு பாஸ்டன் நகரில் எழுப்பி, படகில் ஆற்றைக் கடத்தி, சதுப்பு நிலத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். நனைந்த காலணியோடு விடிய விடிய நடந்து வந்தவர்கள் அவர்கள். சுட்டது மதிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தவன் என்றார் ஒருவர். இல்லை, குதிரைமேல் இருந்த பிரிட்டிஷ் அதிகாரியின் கைத்துப்பாக்கி என்றார் இன்னொருவர். புல்வெளியை ஒட்டிய மதுவிடுதிப் பக்கமிருந்து வந்தது என்றும் ஒரு பேச்சு. யாருமே வேண்டுமென்று சுட்டிருக்க மாட்டார்கள், ஏதோ ஒரு துப்பாக்கி கைதவறி வெடித்திருக்கும் என்பதுதான் என் கணிப்பு.

அந்த 77 பேருக்கும் தலைவர் ஜான் பார்க்கர். வயது 45. முன்பு பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த யுத்தத்தில் அனுபவப்பட்டவர். அன்றைக்கு அவர் ஒரு காசநோயாளி என்பது தெரியுமா? சண்டை நடந்து ஐந்தே மாதத்தில், செப்டம்பரில், அதே நோயில் இறந்துபோனார். தான் தொடங்கிவைத்த யுத்தம் ஜெயித்ததா தோற்றதா என்பதே தெரியாமல் போய்விட்டார் மனுஷர்! அவருடைய துப்பாக்கி இன்றும் மாசசூசெட்ஸ் செனட் சபையின் சுவரில் தொங்குகிறது.

லெக்சிங்டன் புல்வெளியில் ஒரு பாறை இருக்கிறது. 'அசையாமல் நில்லுங்கள், சண்டைதான் வேண்டுமென்றால் இங்கேயே ஆரம்பிக்கட்டும்' என்கிற கருத்தில் பார்க்கர் முழங்கியதாக அதில் செதுக்கியிருக்கிறார்கள். படித்தால் புல்லரிக்கும். ஆனால் சண்டை நடந்த ஆறாம் நாள் அதே பார்க்கர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஒன்று உண்டு. அதில் என்ன சொல்கிறார் தெரியுமா? பட்டாளம் நெருங்கியதுமே, 'கலைந்து போங்கள், சுடாதீர்கள்' என்று தன் ஆட்களுக்கு உத்தரவிட்டதாகச் சொல்கிறார்! பாறையில் இருக்கும் வசனம் வெகுகாலம் கழித்து அவருடைய பேரன் வழியாக ஊருக்குப் பரவியது. நான் வாக்குமூலத்தைத்தான் நம்புவேன். எதிரே நூற்றுக்கணக்கில் பயிற்சி பெற்ற பட்டாளம், தன் பின்னால் சொந்தக்காரப் பிள்ளைகள். புத்தியுள்ள தலைவன் வேறென்ன சொல்வான்?

சண்டைக்கு முந்தின இரவு இன்னொரு வேடிக்கை நடந்தது. நள்ளிரவு தாண்டி மணியடித்து ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். பட்டாளத்தைக் காணோம்! குளிர் தாங்காமல் பாதிப் பேர் பக்கத்திலிருந்த பக்மன் மதுவிடுதிக்குள் போய் அடுப்பருகே உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். விடியற்காலை வில்லியம் டயமண்ட் என்ற இளைஞன் முரசைத் தட்டிய பிறகுதான் மறுபடி ஓடி வந்தார்கள். அந்த விடுதி இன்றைக்கும் நிற்கிறது. குண்டு துளைத்த ஓட்டையோடு அதன் பழைய கதவையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

இறந்தவர்களில் ஜோனஸ் பார்க்கர் என்பவர் தலைவருக்கு உறவு. ஒருபோதும் ஓடமாட்டேன் என்று சொல்லிவந்த மனுஷர். தொப்பியைக் கழற்றிக் காலடியில் வைத்து, அதில் குண்டுகளையும் சிக்கிமுக்கிக் கற்களையும் போட்டுக்கொண்டு நின்றாராம். குண்டடிபட்டுச் சாய்ந்தார். விழுந்த இடத்திலேயே மறுபடி மருந்து இடிக்கப் பார்த்தவரைத் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தித் தீர்த்தார்கள். ஜோனதன் ஹாரிங்டன் என்பவருக்குப் புல்வெளி ஓரத்திலேயே வீடு. குண்டடிபட்டுத் தவழ்ந்தே போய், மனைவியின் கண்ணெதிரே வாசற்படியில் உயிரை விட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அந்த வீடும் இன்னும் இருக்கிறது. எட்டாவது ஆள் அஸாஹெல் போர்ட்டர் பாவம், சண்டைக்கே வரவில்லை! பாஸ்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவரை வழியில் மடக்கிப் பிடித்து வைத்திருந்தார்கள். அமளியில் தப்பி ஓடப் பார்த்தவரைச் சுட்டுவிட்டார்கள்.

காயம்பட்ட பத்துப் பேரில் ஒருவர் பிரின்ஸ் எஸ்டாபுரூக். கறுப்பினத்தவர், அடிமை! சுதந்திரத்துக்கான முதல் சண்டையில் குண்டடிபட்டவர், ஊருக்குள் இன்னொருவரின் உடைமை. பிழைத்து எழுந்து, யுத்தத்தில் மேலும் பங்கெடுத்து, பிற்பாடுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. அந்தக் காலைப்பொழுதைப் பற்றி எத்தனை படித்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவர்தான்.

பட்டாளம் வருகிற சேதியை இரவோடு இரவாகக் குதிரையில் வந்து சொன்னவர் பால் ரிவியர் என்று அமெரிக்கக் குழந்தைகள் எல்லாம் படிக்கிறார்கள். அவர் வெள்ளி வேலை செய்பவர். ஏறி வந்ததோ இரவல் குதிரை! லெக்சிங்டனுக்குச் சேதி சொல்லிவிட்டுக் கான்கார்ட் ஊருக்குக் கிளம்பியவரைப் பாதிவழியில் பிரிட்டிஷ் காவல் குழு பிடித்து, குதிரையைப் பறித்துக்கொண்டது. கான்கார்ட் வரை போய்ச் சேர்ந்தவர் சாமுவேல் பிரெஸ்காட் என்ற இளம் டாக்டர். சரி, லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தபோது ரிவியர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? கிளர்ச்சித் தலைவர் ஜான் ஹான்காக்கின் ரகசியக் காகிதங்கள் அடங்கிய டிரங்குப் பெட்டியை மதுவிடுதியிலிருந்து இன்னொருவரோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்!

லெக்சிங்டனைத் தாண்டிப் பட்டாளம் கான்கார்டுக்குப் போனது. அங்கே பதுக்கிய ஆயுதங்களை அழிப்பதுதான் அவர்களுக்கு வந்த உத்தரவு. ஆனால் ஊர்க்காரர்கள் முன்பே சரக்கில் பெரும்பகுதியைக் கடத்திவிட்டார்கள். கிடைத்த மரப் பீரங்கி வண்டிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள் சிப்பாய்கள். நெருப்பு பக்கத்துக் கட்டிடத்துக்குத் தாவியது. மார்த்தா மோல்டன் என்ற 71 வயது விதவைப் பாட்டி, தீயை அணைக்கச் சொல்லிச் சிப்பாய்களிடம் விடாமல் மன்றாடினாள். கடைசியில் தீ வைத்தவர்களே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள்! பாட்டியும் லேசுப்பட்டவள் இல்லை. பிற்பாடு அரசாங்கத்துக்கு மனுப் போட்டு, தான் செய்த சேவைக்கு வெகுமதி கேட்டாள்.

விதி பாருங்கள்! அந்தப் புகைதான் வினையாகிவிட்டது. ஊரின் வடக்குப் பாலத்துக்கு மேலே மேட்டில் கூடியிருந்த சுமார் 400 ஊர்ப்படையினர் புகையைப் பார்த்து, ஊரையே கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக் கீழே இறங்கினார்கள். பாலத்தைக் காத்து நின்ற சிப்பாய்கள் நூறு பேருக்கும் குறைவு. முதலில் சுட்டது பிரிட்டிஷார். ஆக்டன் என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்த குழுவின் தலைவர் ஐசக் டேவிஸ் மார்பில் குண்டு பாய்ந்து விழுந்தார். முப்பது வயது, துப்பாக்கி செய்யும் தொழில், நாலு குழந்தைகளுக்குத் தகப்பன். அவருடைய ஆட்களிடம் துப்பாக்கிமுனைக் கத்திகள் இருந்ததால்தான் அவர்களை முன்வரிசையில் நிறுத்தினார்கள். உடனே மேஜர் ஜான் பட்ரிக், 'சுடுங்கள்!' என்று கத்தினார். பிரிட்டிஷ் ராஜாவின் படையை நோக்கிச் சுடும்படி அமெரிக்கர் ஒருவர் கொடுத்த முதல் உத்தரவு அதுதான் என்கிறார்கள். மூன்று நிமிடம்கூட நீடிக்காத சண்டை. ஆனால் அங்கிருந்த எட்டு பிரிட்டிஷ் அதிகாரிகளில் நாலு பேருக்குக் காயம்! சிப்பாய்களில் மூவருக்குச் சாவு. உலகப் புகழ்பெற்ற பட்டாளம் திரும்பிப் பார்க்காமல் ஊருக்குள் ஓடியது.

கிட்டத்தட்ட 250 வருஷத்துக்குப் பிறகு அந்த மூன்று நிமிடத்தின் தடயம் கிடைத்தது தெரியுமா? 2023-ல் பாலத்தருகே அகழ்வாராய்ச்சி செய்தவர்களுக்கு ஐந்து ஈயக்குண்டுகள் அகப்பட்டன. ஐந்தும் ஊர்ப்படை சுட்டவை, ஐந்துமே யார் மீதும் படாமல் மண்ணில் விழுந்தவை!

அந்தப் பாலத்துக்கு ஒரு தனிக்கதை உண்டு. சண்டை நடந்து 18 வருஷத்தில், 1793-ல், சாலையை மாற்றியபோது பாலத்தையே பிரித்துப் போட்டுவிட்டார்கள்! பிறகு நினைவுத்தூண் எழுப்ப நினைத்தபோது, ஊர்ப்படை நின்ற கரைக்குப் போக வழியில்லை. ஆகவே 1836-ல் எதிரி நின்ற கரையிலேயே தூணை நட்டார்கள். இந்த அபத்தம் பொறுக்காத உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தன் உயிலில் பணம் எழுதி வைத்த பிறகுதான் அக்கரையில் சிலை வந்தது, பாலமும் மறுபடி வந்தது. 1875-ல் அந்தச் சிலையைச் செய்த இளம் சிற்பி டேனியல் செஸ்டர் பிரெஞ்ச், பிற்காலத்தில் வாஷிங்டனில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிரம்மாண்ட லிங்கன் சிலையைச் செய்தவர்! பாலத்தருகே மாண்ட இரண்டு பிரிட்டிஷ் சிப்பாய்களின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

திரும்பும் வழிதான் பட்டாளத்துக்கு நரகம். மதிலுக்கு மதில், மரத்துக்கு மரம் மறைந்து நின்று சுட்டார்கள். காலையில் அடிவாங்கிய ஜான் பார்க்கரும் மிச்சமிருந்த ஆட்களைத் திரட்டி, ஊர் எல்லையில் ஒரு பாறை மேட்டில் காத்திருந்து தாக்கினார். உடன் வந்தவர்களில் காலையில் காயம்பட்டு, கட்டுப்போட்டவர்களும் இருந்தார்கள்! 'பார்க்கரின் பழி' என்று அழைக்கப்படும் அந்த இடத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் உலோகம் கண்டறியும் கருவியோடு அலசியதில் இரு தரப்புக் குண்டுகளும் கிடைத்தன. எங்கே நின்று யார் சுட்டார்கள் என்று குண்டுகளை வைத்தே வரைபடம் போட்டார்கள். வழியில் இன்னோர் ஊரில் எண்பதை நெருங்கிய சாமுவேல் விட்டெமோர் தாத்தா தனியாளாய் நின்று சுட்டார். முகத்தில் குண்டு, உடம்பெங்கும் குத்து. செத்தார் என்று விட்டுவிட்டுப் போனார்கள். தாத்தா அதற்குப் பிறகு 18 வருஷம் உயிரோடிருந்தார்! அன்று மாலைக்குள் பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர் சாவு, அமெரிக்கர் தரப்பில் 49.

துப்பாக்கிச் சண்டை முடிந்ததும் செய்திச் சண்டை தொடங்கியது. பிரிட்டிஷ் தளபதி கேஜ் தன் அறிக்கையைக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பினார். நாலைந்து நாள் பிந்தி, ஊர்க்காரர்களின் வாக்குமூலங்களைச் சுமந்துகொண்டு 'குவேரோ' என்ற சின்னக் கப்பல் கிளம்பியது. சரக்கு எதுவும் ஏற்றாமல் பறந்த அந்தக் கப்பல், கேஜின் கப்பலுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே மே கடைசியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்துவிட்டது! அரசாங்கத்தின் கதை வருவதற்குள் லண்டன் பத்திரிகைகள் எதிர்த்தரப்பின் கதையை அச்சடித்துத் தீர்த்துவிட்டன.

அந்த வாக்குமூலங்களில் லெக்சிங்டன்காரர்கள் ஒரே குரலில் சொன்னது இதுதான்: 'நாங்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தோம், அவர்கள்தான் சுட்டார்கள்.' லண்டனில் அனுதாபம் தேட அது தேவைப்பட்டது. ஐம்பது வருஷம் ஓடியது. நாடு சுதந்திரமாகிவிட்டது. இப்போது, 'எதிர்த்துப் போராடிய முதல் ஊர் நாங்கள்தான், லெக்சிங்டன்காரர்கள் ஒரு குண்டாவது திருப்பிச் சுட்டார்களா?' என்று கான்கார்டுக்காரர்கள் மார்தட்டினார்கள். லெக்சிங்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது! 1825-ல் உயிரோடிருந்த கிழவர்களைப் பிடித்து மறுபடி சத்தியம் வாங்கினார்கள். இந்தத் தடவை அவர்கள், 'சுட்டோம், சுட்டோம், நன்றாகவே சுட்டோம்' என்று எழுதிக் கொடுத்தார்கள்! படங்களும் அப்படியே மாறின. 1775-லேயே ஏமோஸ் டூலிட்டில் அச்சிட்ட படத்தில் ஊர்க்காரர்கள் சிதறி ஓடுகிறார்கள், ஒருவரும் சுடவில்லை. 1830-ல் வந்த படத்தில் சிலர் திருப்பிச் சுடுகிறார்கள். 1886-ல் ஹென்றி சாண்டம் தீட்டிய ஓவியத்தில் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திச் சண்டை போடுகிறார்கள்! நூறு வருஷத்தில் அதே ஆட்கள், அதே புல்வெளி, வீரம் மட்டும் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது.

இன்றைக்கும் ஏப்ரல் மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை மாசசூசெட்ஸில் அரசு விடுமுறை. புகழ்பெற்ற பாஸ்டன் மாரத்தான் ஓட்டம் நடப்பதும் அன்றுதான். அதிகாலை ஐந்தரைக்கு லெக்சிங்டன் புல்வெளியில் அந்தச் சண்டையை அப்படியே நடித்துக் காட்டுகிறார்கள். கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்க்க ஏணியோடு வந்து, இருட்டிலேயே இடம் பிடிப்பவர்களும் உண்டு! கென்டக்கி மாநிலத்தில் இன்னொரு லெக்சிங்டன் இருக்கிறதே, அது எப்படி வந்தது? 1775-லேயே காட்டில் கூடாரம் போட்டிருந்த ஒரு கூட்டத்துக்குச் சண்டைச் செய்தி எட்டியதும், தாங்கள் தங்கிய இடத்துக்கு அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் எங்கேயோ கடல் தாண்டி நடந்த கதை, நமக்கென்ன என்கிறீர்களா? இந்த யுத்தம் நம் வாசலுக்கே வந்தது தெரியுமா! 1778-ல் பிரான்ஸ் அமெரிக்காவோடு கைகோத்தது. உடனே கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியை முற்றுகையிட்டு, அந்த அக்டோபரில் பிடித்தது. அடுத்த வருஷம் மாஹேயையும் பிடித்ததில் ஹைதர் அலிக்குக் கோபம் தலைக்கேறியது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கம்பெனிப் படையை அவர் துவைத்தெடுத்தார். அவர் பெயர் அமெரிக்கா வரை பரவி, பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பலுக்கே 'ஹைதர் அலி' என்று பெயர் வைத்தார்கள். 1782-ல் அந்தக் கப்பல் தன்னைவிடப் பலசாலியான ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தும் காட்டியது!

லெக்சிங்டனில் தொடங்கிய யுத்தத்தின் கடைசிச் சண்டை நடந்தது அமெரிக்காவில் இல்லை, கடலூரில்! 1783 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கடலூரில் இருக்க, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் பிரிட்டிஷ் படை முற்றுகை போட்டது. 13-ஆம் தேதி தரையில் கடும் சண்டை, 20-ஆம் தேதி சஃப்ரென், ஹியூஸ் இருவரின் கப்பல்களும் கடலில் மோதின, 25-ஆம் தேதி மறுபடி தரையில் மோதல். சமாதானச் செய்தியோடு வெள்ளைக்கொடி கட்டிய கப்பல் வந்து சேர்ந்தது 29-ஆம் தேதி. பிரிட்டனும் பிரான்ஸும் அந்தச் சமாதானத்துக்கு வெர்சாயில் கையெழுத்துப் போட்டிருந்தது ஜனவரி 20-ஆம் தேதி. கடலூரில் அந்த ஜூன் மாதம் மாண்ட அத்தனை பேரும், சமாதானம் ஆகி ஐந்து மாதம் கழித்து மாண்டவர்கள்!